எப்பத் திரும்பிப் போறே?

எங்கள் பக்கத்தில், வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவனைத் தெருவில் பார்த்தால் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். எப்ப வந்தே? எப்பத் திரும்பிப் போறே? இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பது வழக்கம். முதல் கேள்விக்கான பதிலைக் காதில் வாங்காமலேயே இரண்டாவதைக் கேட்பவர்களும் உண்டு. இதில் தவறு ஒன்றும் இல்லை. ரயில் நிலையத்திலும் வருகை, புறப்பாடு இரண்டையும் ஒரே பலகையில்தான் எழுதுகிறார்கள்.

என் வேலைக்காலம் முழுவதையும் மஸ்கட்டில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் சரக்குக் கிடங்கில் கழித்தவன் நான். ஆகவே இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில் நல்ல பழக்கம் உண்டு. தேதி, கிழமை, விமானம் தரையிறங்கிய நேரம் எல்லாம் சேர்த்தே சொல்வேன். கேட்டவருக்கு அவ்வளவும் தேவையில்லை என்பது அவர் முகத்தில் தெரியும். இருந்தாலும் சொல்வேன். ஒரு நாளைச் சரியாகச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சாப்பிட்டது செரிக்காது.

நாகர்கோவிலில் கல்லூரியில் படித்த காலத்தில் நாங்கள் நான்கு பேர் தக்கலையிலிருந்து ஒரே பேருந்தில் போய் ஒரே பேருந்தில் திரும்புவோம். ஒருவன் பேருந்தைத் தவறவிட்டால் ஏறியிருந்த மூவரும் இறங்கிவிடுவார்கள். இதற்கு நட்பு என்று பெயர் வைத்திருந்தோம். முதல் வகுப்பு கணக்குப்பதிவியல் என்பதும் ஒரு காரணம். படிப்பு முடிந்ததும் மூவர் ஊரிலேயே தங்கினார்கள். ஒருவன் தக்கலையில் பெயின்ட் கடை வைத்தான். ஒருவன் அரசுப் பள்ளியில் ஆசிரியரானான். அவன் வீடும் தக்கலையில்தான், கடையிலிருந்து நடந்து போகும் தூரம். மூன்றாமவன் சிதறால் பக்கம் தன் அப்பாவின் ரப்பர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டான். நான் மட்டும் விமானம் ஏறினேன்.

அங்கே நான் அவர்களை நினைத்த அளவுக்கு அவர்கள் இங்கே என்னை நினைத்திருக்க மாட்டார்கள் என்பது அப்போதே தெரியும். அவர்களுக்கு வேலை இருந்தது. எனக்கும் வேலை இருந்தது, ஆனால் கிடங்கில் குழாய்களை எண்ணுவதற்கு மனம் தேவைப்படாது. மனம் தக்கலையில் கிடக்கும். காலையில் சரக்கு இறங்கும்போது, இப்போது கடைக்காரன் ஷட்டரைத் தூக்கியிருப்பான் என்று நினைப்பேன். மதியம், வாத்தியார் இப்போது ஏழாம் வகுப்பில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பான் என்று நினைப்பேன். என் அறையில் இருந்த கொல்லம்காரர் ஒருவர் என் நண்பர்களில் யாரையும் பார்த்தவர் அல்லர். ஆனாலும் வாத்தியாரின் மகளுக்கு நர்சிங் இடம் கிடைத்ததா என்று என்னிடம் கவலையோடு விசாரிப்பார். அவ்வளவு பேசியிருக்கிறேன்.

மூவரின் பிறந்தநாளுக்கும் ஆண்டு தவறாமல் வாழ்த்துச் சொல்வேன். வாட்ஸப் வருவதற்கு முன்பு தொலைபேசியில், அதற்கும் முன்பு அட்டையில். பல ஆண்டுகள் கழித்து ஒரு விடுப்பில் வாத்தியார் சொன்னான்: "லேய், அது எனக்க பிறந்தநாளே இல்ல, கேட்டியா. பள்ளிக்கூடத்துல சேக்கதுக்கு எனக்க அப்பா வாயில வந்த தேதியச் சொன்னதாக்கும். நீ மட்டுந்தான் அத ஒழுங்காக் கொண்டாடுகே."

"சொல்லியிருக்கலாம்லா?"

"நீ அவ்வளவு காசு செலவாக்கிப் பேசுகே, தேதி தப்புன்னு எப்பிடிச் சொல்ல?"

உண்மையான தேதி என்ன என்று கேட்டேன். ஆடி மாதம் என்றான். ஆடியில் எந்த நாள் என்றால் மழை பெய்த நாள் என்றான். ஆடியில் எங்கள் பக்கம் எந்த நாள் மழை பெய்யாமல் இருந்தது? வேறு வழியில்லாமல் பழைய தேதியிலேயே வாழ்த்தைத் தொடர்ந்தேன்.

விடுப்புகள் எப்படி நடக்கும் என்பதற்கு ஒரு முறை உருவாகியிருந்தது. வாடகைக்கு வண்டி பிடித்துக்கொண்டு மூவரும் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வருவார்கள். திரும்பும் வழியில் களியக்காவிளையில் சாயா. நான் ஊரில் இருக்கும் வாரங்களில் யாராவது ஒருவன் தினம் வீட்டுக்கு வருவான். புறப்படுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பேச்சிப்பாறை அணைக்கரையில் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும். பிறகு மறுபடி வண்டி, மறுபடி களியக்காவிளை, மறுபடி விமான நிலையம். உள்ளே போகும் வரிசையில் நின்று திரும்பிப் பார்த்தால் மூவரும் கண்ணாடிக்கு அந்தப்புறம் நின்று கையாட்டிக்கொண்டிருப்பார்கள். இதையெல்லாம் டைரியில் எழுதிவைத்திருக்கிறேன். எனக்கு வரலாற்று நூல்கள் படிக்கும் பழக்கம் உண்டு. அவற்றில் அரசர்கள் வருவார்கள், போவார்கள், இடையில் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமைகூட இருக்காது. என் டைரியும் அப்படித்தான் இருந்தது. அப்போது அதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் ஊருக்கு ஒரேயடியாக வந்து சேர்ந்தேன். வழக்கம்போல வண்டி, களியக்காவிளை, சாயா எல்லாம் நடந்தன. மறுநாள் தெருவில் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு கேள்விகளையும் கேட்டார். "இனி போகல்ல" என்றேன். அடுத்து என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இருவரும் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் பிரிந்தோம்.

முதல் வாரம் நண்பர்கள் மூவரும் வந்தார்கள். இரண்டாம் வாரம் வாத்தியார் மட்டும் வந்தான். அதன்பின் யாரும் வரவில்லை. நானே கூப்பிட்டால் அன்பாகத்தான் பேசினார்கள். வாத்தியாருக்குத் திருத்தவேண்டிய தாள்கள். ரப்பர்காரனுக்கு மரங்களுக்கு மழைக்காப்பு கட்டும் வேலை. கடைக்காரனுக்கு ஓணத்துக்கு வீடு வெள்ளையடிப்பவர்களின் கூட்டம். மூவரும் பேச்சை ஒரே மாதிரி முடித்தார்கள்: "நீ இங்கதானே இருக்கே மக்கா, பாக்கலாம்."

ஒரு நாள் நானே கடைக்குப் போனேன். என்னைக் கண்டதும் கடைக்காரன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். சாயாவும் ரசவடையும் வரவழைத்தான். இரண்டு வாக்கியம் பேசினோம். ஒருவர் வந்து தந்த நிறத்துக்கும் பால் வெள்ளைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். அவன் அதை விளக்கி முடிப்பதற்குள் சாயா ஆறிவிட்டது. "இரி மக்கா, இப்ப வாறேன்" என்று மூன்று முறை சொன்னான். நான் விருந்தாளி என்பது எனக்குப் புரிந்தது. வாடிக்கையாளரை நிற்கவைத்துவிட்டு விருந்தாளியைக் கவனிக்க முடியாது. விருந்தாளியைக் கவனிக்காமல் விட்டாலும் மரியாதையாக இருக்காது. பாவம், அவன் நிம்மதியாக வியாபாரம் செய்யட்டும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஓணம் வந்து போனது. வீட்டில் என் மனைவி ஒரு நாள் சொன்னாள்: "மஸ்கட்டுல இருக்கும்ப நீங்க கூட்டுக்காரங்ககிட்ட இதவிட நெறைய பேசுனிய. பேசாம அங்கயே இருந்திருக்கலாம்."

அவள் கிண்டலாகச் சொன்னாளா, கணக்குப் பார்த்துச் சொன்னாளா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

புரட்டாசியில் என் பாஸ்போர்ட் காலாவதியாகும் நேரம் வந்தது. புதுப்பிக்க விண்ணப்பம் போட்டேன்.

"எங்க போறதுக்கு?" என்றாள் மனைவி.

"எங்கயும் இல்ல. காலாவதி ஆகப்போவுது."

"கெட்டுப் போறதுக்கு அது என்ன பாலா?"

தேதி முடிந்துபோன ஒரு ஆவணம் வீட்டில் இருப்பதை என்னால் தாங்கமுடியாது என்று அவளுக்குத் தெரியும். விண்ணப்பத்தில், என்னைத் தெரிந்த இரண்டு உள்ளூர்க்காரர்களைக் குறிப்பிடவேண்டியிருந்தது. கடைக்காரனையும் வாத்தியாரையும் எழுதினேன். சில நாள் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து விசாரிப்பதற்காகக் கடைக்காரனை அழைத்திருக்கிறார்கள். அடுத்த நிமிடம் அவன் என்னை அழைத்தான்.

"லேய், போலீசு சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

"என்னத்த?"

"பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் குடுத்திருக்கியாமே. ஆளு நல்லவந்தான்னு சொல்லிட்டேன். பொய் சொன்ன பாவம் ஒனக்காக்கும்."

"அது சும்மா புதுப்பிக்கதுக்கு..."

"சும்மா புதுப்பிக்கதுக்கு ஒனக்கு என்ன கிறுக்கா? எப்பத் திரும்பிப் போறே?"

எங்கள் மாவட்டத்தில் பாஸ்போர்ட்டுக்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. அதை வெறும் ஒழுங்குக்காகப் புதுப்பிக்கும் மனிதனை யாரும் பார்த்ததில்லை. நான் விளக்க வாயெடுப்பதற்குள் அவன், "வாத்தியானுக்குச் சொல்லியாச்சு. ரப்பர்காரனும் வாறான். ஞாயிற்றுக்கிழம எனக்க கடையில கூடுவோம்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

யாராவது ஒரு தேதியைத் தவறாகச் சொன்னால் அவர் வாக்கியத்தை முடிக்கும்வரை பொறுக்கமாட்டாதவன் நான். இந்தத் தவறை ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, காலி பெயின்ட் வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தோம். ரப்பர்காரன் மழையில் நனைந்து ஸ்கூட்டரில் வந்தான். கல்லூரியில் வாத்தியார் ஒருமுறை தேர்வுக்கு வேறு பாடம் படித்துவிட்டு வந்ததை இருவர் இருவிதமாகச் சொன்னார்கள். இருவர் சொன்ன ஆண்டும் தவறு. நான் திருத்தவில்லை. மதியம் வரை சிரித்துக்கொண்டிருந்தோம். பேச்சுக்கு நடுவில் வாத்தியார் கடைக்காரனைக் காட்டிச் சொன்னான்: "நானும் இவனும் ஒரே ஊரு. ஆனா இவனுக்க கடைக்கு உள்ள நான் கடைசியா வந்து இருந்தது நீ போன தடவ லீவுக்கு வந்தப்பதான்."

"ஏம்லே, நான் என்ன வரவேண்டாம்னா சொன்னேன்?" என்றான் கடைக்காரன்.

"நீ இங்கதானே இருக்கேன்னு நெனச்சேன்."

அந்த வாக்கியத்தை அவர்கள் எனக்காகப் புதிதாக உண்டாக்கவில்லை, காலங்காலமாகத் தங்களுக்குள்ளேயே பயன்படுத்தி வந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் மஸ்கட்டில் உட்கார்ந்து ஏங்கிக்கொண்டிருந்த அந்த நால்வர் கூட்டம் இங்கேயும் இருந்ததில்லை. என் விடுப்புகளில் மட்டுமே இருந்தது.

கிளம்பும்போது ரப்பர்காரன் கேட்டான்: "விசா வந்துட்டா?"

"இன்னும் வரல்ல" என்றேன். அது உண்மைதான். கேட்காத விசா எப்படி வரும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கூடினோம். அதற்கடுத்ததும். போகப்போகிறவன் என்பதால் எனக்கு நேந்திரங்காய் சிப்ஸ் கிடைத்தது. வாரத்தின் நடுவே வாத்தியார் பள்ளி விட்டுப் போகும் வழியில் எட்டிப் பார்த்தான். மனைவி எல்லாருக்கும் சாயா போட்டுக் கொடுத்துவிட்டு, அவர்கள் போனபிறகு கேட்டாள்: "எப்பச் சொல்லப் போறிய?"

"சொல்லணும்."

"விசா வந்த பெறகா?"

நாளாக ஆக, இருவருக்கும் இடையில் ஒரு பயம் வளர்ந்தது. அவளுடைய பயம், விஷயம் வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பது. என்னுடையது, தெரிந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றியது.

ஐப்பசியில், விசா எந்த நேரமும் வந்துவிடலாம், பிறகு அவகாசம் இருக்காது என்று அவர்களே முடிவெடுத்து, பேச்சிப்பாறைக்குப் போக நாள் குறித்தார்கள். வாத்தியாரின் காரில் போனோம். அணை நிறைந்திருந்தது. மரத்தடியில் தாளை விரித்து, வழியில் ஒரு கடையில் வாங்கிய கிழங்கையும் மீன்கறியையும் இலையில் வைத்தோம். அப்போது கடைக்காரன் காரின் பின்பக்கத்திலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தான். சுற்றிலும் நாடா ஒட்டி, மேலே தடித்த பேனாவால் ஒரு பெயரும் மஸ்கட் தொலைபேசி எண்ணும் எழுதியிருந்தது.

போகிறவன் மற்றவர்களின் பொட்டலங்களைச் சுமந்து போவது எங்கள் பக்கத்தில் சட்டம்போல. நானும் எத்தனையோ சுமந்திருக்கிறேன்.

"எனக்க தங்கச்சி குடுத்தனுப்பினா. மாப்பிள அங்கதானே இருக்கான். முந்திரிக்கொத்தும் நெத்திலிக் கருவாடும். அவளுக்குக் காய்ச்சலு. அதோட இருந்து செய்தா பாத்துக்கோ. ஒடையாமக் கொண்டுபோ."

பெட்டியைக் கையில் எடுத்தேன். நல்ல கனம். கீழே வைத்தேன்.

"நான் போகல்ல" என்றேன்.

"என்னது?"

"நான் எங்கயும் போகல்ல. பாஸ்போர்ட்ட சும்மாதான் புதுப்பிச்சேன்."

"அப்ப விசா?" என்றான் ரப்பர்காரன்.

"கேக்கவே இல்ல."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரப்பர்காரன்தான் முதலில் வெடித்தான். "நாசமாப் போவான்! மழையில சிதறாலுலேருந்து எத்தன தடவ வந்தேன் லேய்! எனக்க நெஞ்சுல சளி கட்டிப்போச்சு!"

"எனக்க கொழுந்தியாளுக்க புது வீட்டுல இன்னைக்குப் பால்காச்சு" என்றான் வாத்தியார். "அவன் போறான், இனி ரெண்டு வருசம் கழிச்சுத்தான் பாக்க முடியும்னு சொல்லி வீட்டுல சண்ட போட்டுட்டு வந்தேன். இனி நான் எந்த மூஞ்சிய வச்சுட்டு வீட்டுக்குப் போவேன்?"

"நான் போலீசுக்கிட்ட இவன் நல்லவன்னு சொன்னேன்" என்றான் கடைக்காரன், பெட்டியைப் பார்த்துக்கொண்டே. பிறகு என்னிடம் கேட்டான்: "ஏம்லே மொதல்லயே சொல்லல்ல?"

"சொன்னா நீங்க யாரும் வரமாட்டிய."

அதை மறுத்து யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். மூவரும் நேர்மையானவர்கள். வாத்தியார் மீனில் முள் எடுக்கத் தொடங்கினான். ரப்பர்காரன் இடுப்பிலிருந்த சாவியால் பெட்டியின் நாடாவைக் கிழித்து ஒரு முந்திரிக்கொத்து உருண்டையை எடுத்துக் கடித்தான்.

"லேய், அது மாப்பிளைக்குள்ளதாக்கும்!" என்றான் கடைக்காரன்.

"வேற எவனாவது போவான். அப்ப பாதி போதும்." இன்னொன்றை எடுத்து என் இலையில் வைத்தான். வைத்தான் என்பதைவிட எறிந்தான் என்பதே சரி.

என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது வாத்தியாருக்கு மனசு கேட்கவில்லை. கண்ணாடியை இறக்கிச் சொன்னான்: "சரி, போவட்டும் மக்கா. நீ இங்கதானே இருப்பே. எப்ப வேணும்னாலும் பாக்கலாம்லா."

ஆறுதலாகத்தான் சொன்னான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரும் கூப்பிடவில்லை. அதற்கடுத்த ஞாயிறும். நானும் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது? மனைவி மட்டும், "உண்மையச் சொன்னதுக்கு ஒங்களுக்கு நிம்மதியா இருக்குமே" என்றாள். இருந்தது. நிம்மதிக்குக் குறைவே இல்லை, காலை முதல் மாலை வரை இருந்தது.

கார்த்திகையில், ஒரு புதன்கிழமை மதியம், ரப்பர்காரன் கூப்பிட்டான். நலம் விசாரிக்கவில்லை.

"எங்க நிக்கே?"

"வீட்டுல."

"சும்மாதானே இருக்கே? இங்க வா. மழ கருத்துட்டு வருது. ரப்பர் ஷீட்டு எல்லாம் முத்தத்துல கெடக்கு. பால்வெட்டுகாரன் இன்னைக்கு வரல்ல. எனக்க வீட்டுக்காரி அவளுக்க அம்மைக்குச் சொகமில்லன்னு போயிட்டா. ஒத்தைக்கு நான் என்ன செய்வேன்?"

"தக்கலையிலேருந்து நான் வந்து சேருகதுக்குள்ள மழ வந்திரும்லா."

"பேசிட்டு நிக்காம வா லேய்."

ஆட்டோ பிடித்தேன். நான் சொன்னபடியே வழியிலேயே மழை வந்தது. போய்ச் சேர்ந்தபோது முற்றத்துக் கொடிகளில் பாதி ரப்பர் ஷீட்டுகள் நனைந்து தொங்கின. மீதியை அவன் தோளில் அள்ளிப்போட்டுக்கொண்டு உள்ளே ஓடிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அங்கிருந்தே கத்தினான்: "வாறதுக்கு இவ்வளவு நேரமா? நடந்தா வந்தே? செருப்பக் கழத்து. அந்தக் கொடியப் பாரு!"

ஈர ஷீட்டு எவ்வளவு வழுக்கும் என்பது எனக்குத் தெரியாது. முதல் இரண்டைக் கீழே போட்டேன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் திட்டினான். அவற்றை நான் கழுவி எடுக்கும்போது, நான் பிடித்த விதம் சரியில்லை என்று பிடுங்கிக்கொண்டான். கல்லூரியைப் பற்றியோ பாஸ்போர்ட்டைப் பற்றியோ ஒரு பேச்சும் வரவில்லை. கொடி காலியானபோது மழையும் நின்றுவிட்டது. என் சட்டையில் ரப்பர் பால் நாற்றம்.

"பூசணம் பூத்துப் போவும், எல்லாத்தயும் நாளைக்கு உதறிப் புகப்புரையில தொங்கவிட்டுக் காயவைக்கணும்" என்று ஷீட்டுகளை எண்ணாமலே அடுக்கிக்கொண்டு சொன்னான். "காலத்த வந்திரு."

"நாளைக்கு எனக்குப் பல் டாக்டர்கிட்ட போகணும்."

"எத்தன மணிக்கு?"

"பத்து."

"அப்ப ஆறு மணிக்கு வா."

"ஆறு மணிக்கு இந்தப் பக்கம் பஸ் உண்டா?"

"அதெல்லாம் ஒனக்குத்தானே தெரியும்" என்றான். "இந்தத் தலைப்ப மொதல்ல பிடி, கீழ இழையுது."